எருக்குழியில் ஒரு மசிக்காளான்

ஐப்பசி 17

இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்தபின் தொழுவத்தின் பின்புறம் சென்று பார்த்தேன். சாணமும் மக்கிய வைக்கோலும் கலந்து கிடந்த எருக்குழியின் ஓரத்தில் சாம்பல் நிறக் குடைகள் சில, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, கறுப்புத் துளிகளாகச் சொட்டிக்கொண்டு நின்றன. மசிக்காளான் என்பதில் ஐயமில்லை. எந்த மசிக்காளான் என்பதே வினா. கரைந்தொழுகும் குணம் ஓர் இனத்துக்கு மட்டும் உரிய லக்ஷணமன்று; அதனை முதன்மையாகக் கொண்டு ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்த காப்ரினஸ் பேரினத்தை, மரபணுச் சான்றுகளைக் கண்ட அறிஞர்கள் 2001இல் நான்காகப் பிரித்துவிட்டனர். உச்சிப்பொழுதுக்குள் குடைகள் யாவும் மறைந்து, தண்டுகளே எஞ்சின.

ஐப்பசி 18

இவ்வினங்கள் பல பின்னிரவில் விரிந்து காலையில் கரைவன ஆதலால், விளக்கோடு கோழி கூவுமுன் சென்றேன். முட்டை வடிவான இளங்குடைகளின் மேல் வெண்மயிர் போன்ற செதில்கள். தண்டில் வளையம் இல்லை, ஆகவே புல்வெளிகளில் உயர்ந்து நிற்கும் காப்ரினஸ் கொமேட்டஸ் அன்று. அப்பிரகப் பொடி தூவினாற்போன்ற மினுக்கம் இல்லை, ஆகவே மைக்கேசியஸும் அன்று. எஞ்சியது லாகோபஸ்; அதன் உருவமும் செதிலும் இதனோடு ஒத்தவையே எனினும், அது காட்டுச் சருகிலும் மரத்துண்டிலும் வாழ்வது. களைக்கொத்தால் மெல்லத் தோண்டினேன். தண்டின் அடி கூம்பி, வேர்போல எருவுக்குள் நெடுந்தூரம் இறங்கியிருந்தது. காப்ரினாப்சிஸ் சினிரியா! குடையின் அழகை வருணிப்பதில் பக்கங்களைச் செலவிடும் நூலாசிரியர்கள், மண்ணுக்குள் இருப்பதை ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு என்றும் உவப்பானதன்று.

செவுள் கீழாக வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்த குடை கருநிற வித்துத்தூளைப் படியவிட்டிருந்தது. கனடாவின் வின்னிபெக் நகரில் காளான்களை ஆராய்ந்த புல்லர், இக்கரைதல் அழுகலன்று என்று விளக்கினார்: வித்துகள் விளிம்பிலிருந்து மேல்நோக்கி முறையே முதிர, தன் வித்துகளை உதிர்த்துவிட்ட பகுதி தன்னைத்தானே செரித்துக்கொண்டு விலகி, மேலுள்ள வித்துகள் காற்றில் தடையின்றி இறங்க வழிவிடுகிறது.

ஐப்பசி 20

"கறிக்கு ஆகுமாங்க?" என்று மாடு பார்க்கும் பெரியவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இதன் உறவான அட்ரமெண்டேரியாவைத் தின்று மது அருந்தியவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் வரும். மாலையில் கடைப்பக்கம் போகும் வழக்கமுடையவரிடம் இனப் பாகுபாட்டின் நுட்பத்தை நம்பி அனுமதி வழங்க எனக்குத் துணிவில்லை. வைக்கோற்காளான் வளர்ப்போருக்கோ இது வெறும் களை. பாத்தியில் தழைச்சத்து மிகுந்தால், நட்ட காளானை முந்திக்கொண்டு இதுவே முளைத்துவிடும்.