நஞ்சையின் மேல் ஒரு கோடு

நாகூருக்கு வடக்கே வாஞ்சூரில் தமிழகம் முடிந்து காரைக்கால் தொடங்குகிறது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் திட்டம் இவ்வழியே வருகிறது. அதில் சட்டநாதபுரம் முதல் நாகப்பட்டினம் வரையுள்ள பகுதி மட்டும் ஏறத்தாழ 56 கிலோமீட்டர்.

சாலை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. கந்தூரிக்கு நாகூர் வருவோரும், செப்டம்பர் 8 விழாவுக்குக் காவியுடுத்தி வேளாங்கண்ணி நோக்கி நடக்கும் நம் மக்களும், பேருந்துக்கும் வயலுக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்றவர்களே. ஆயினும் நம் பயணம் எளிதாவதற்கு யார் எதை இழக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை அல்லவா?

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956ஆம் ஆண்டினது. நில எடுப்பு அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது தள்ளுபடியாகி அடுத்த அறிவிக்கை வெளியானவுடன் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். 1997இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, மற்ற நில எடுப்புகளில் கிடைத்து வந்த ஆறுதல் தொகையையும் வட்டியையும் நெடுஞ்சாலைக்கு நிலம் தந்தோருக்கு மறுத்தது. அது சமத்துவத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. முன்பு நிலம் இழந்தோருக்கும் அத்தீர்ப்பு பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் உறுதி செய்தது. பறித்த விலையைத் திரும்பக் கேட்க ஒரு தலைமுறை ஆயிற்று.

2015 ஜனவரி முதல், 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் நெடுஞ்சாலைகளுக்கும் உரியன. ஆகவே விலை உயர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே சட்டம் கட்டாயமாக்கிய சமூகத் தாக்க மதிப்பீடு நெடுஞ்சாலைக்கு இல்லை. பாசனமுள்ள இருபோக நிலத்தைக் காக்கும் அதன் 10ஆம் பிரிவோ, நீளவாக்கில் செல்லும் திட்டங்களான இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் விலக்கு அளிக்கிறது. காவிரிப் படுகையைக் காக்கத் தமிழகம் 2020இல் இயற்றிய சட்டத்தின் தடைப்பட்டியலிலும் சாலை இடம்பெறவில்லை. எண்ணெய்க் கிணற்றுக்கு அடைத்த கதவு சாலைக்குத் திறந்தே கிடக்கிறது. நிலத்துக்கு என்ன விலை என்று சட்டம் கேட்கிறது. இந்த வயல்தான் வேண்டுமா என்று கேட்க மறந்துவிட்டது.

இங்கு ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. சாலையோ வடக்கு தெற்காக மேட்டில் ஏறிச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிறு மதகு வழியே வடிய முடியாத நீர் சம்பாப் பயிரில் தேங்கினால், ஒரு குழிகூட எடுக்கப்படாத பக்கத்து வயல்காரருக்கு நில எடுப்புத் தொகை ஏது? மதகின் அகலம் எவ்வளவு என்பது பொறியாளரின் கணக்கு. அந்தத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது உழவரின் கணக்கு. இவ்விரண்டும் சந்திக்க அந்த 21 நாட்கள் போதா.

இன்னொருவர் இருக்கிறார். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரரையும் கூலித் தொழிலாளரையும்கூடப் பாதிக்கப்பட்டோர் என்றே ஏற்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்குத் தாள் ஏது? 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிய வழி உண்டு. நில உரிமையாளர் முகம் சுளிப்பாரே என்று பதியாதவர்கள் பலர். அறிவிப்பு வந்தபின் சான்று தேடி அலைவதைவிட, நம் பங்குகளில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் மூவர் இவர்களை இப்போதே அவ்வலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம்.