சேர், இது சோதினைக்கு வருமா?

ரியூசனில் நாங்கள் ஆகக் கூடக் கேட்ட கேள்வி இதுதான். வராது என்றால் பேனையை மூடிவிடுவோம். சேர் 2147483647 என்று பலகையில் எழுதிய அன்றும் மூடினோம். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண், முதன்மை எண், 1772இல் ஒயிலர் நிறுவியது என்றார். சோதினைக்கு வராது என்றும் அவரே சொன்னார்.

பிறகு எங்களில் ஒருத்தி கம்பியூட்டர் படிக்கப் போனாள். அவள் எழுதின புரோகிராமில் எண்ணிக்கை 2147483647 வரை கூடிப் போய், அடுத்ததாய் மைனஸில் விழுந்தது. "டேய், சேர் எழுதின நம்பர்!" என்று குரூப்பில் போட்டாள். (32 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய ஆகப் பெரிய முழு எண் அது. முதன்மை எண் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அன்றிரவுதான் மூடின பேனையைத் திறந்தோம்.

ஓர் எண் முதன்மை எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேணும். இங்கே 46340 வரை. 4,700க்கு மேற்பட்ட வகுத்தல்கள்! ஒயிலர் அப்படி மாரடிக்கேல்லை. இதை வகுக்கும் முதன்மை எண் ஏதும் இருந்தால், அதை 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வரும் என்று காட்டினார். மிஞ்சினவை நூறுக்கும் குறைவு. அப்போது அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட முழுசாகப் போயிருந்தது. இந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டவர்கள் நாங்கள் மட்டுமில்லை. 6ஐ விட்டு அதன் மற்றக் காரணிகளான 1, 2, 3ஐக் கூட்டினால் 6 வரும், இப்படியானவை நிறைவெண்கள். ஒயிலரின் எண்ணை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினாலும் ஒரு நிறைவெண் கிடைக்கும். வெறும் விநோதம், இதைவிடப் பெரியதை ஒருத்தரும் தேடப்போவதில்லை என்று பீற்றர் பார்லோ 1811இல் எழுதினார். 1876இல் லூக்காஸ் 39 இலக்க முதன்மை எண்ணோடு வந்துவிட்டார்.

பிரயோசனமும் வந்தது. ஏதாவதொரு எண்ணை எடுத்து 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியைத் திரும்பவும் பெருக்குங்கள். 1 முதல் 2147483646 வரை ஒன்றும் விடாமல் தொட்டுத்தான் தொடங்கின இடத்துக்கு வரும். பார்வைக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. கம்பியூட்டரில் எழுமாற்று எண்கள் எடுக்க இந்த முறையை 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் சிபாரிசு செய்தார்கள். இது முதன்மை எண்ணாக இல்லாவிட்டால் அந்த முழுச் சுற்று நடக்காது.

ஒயிலரின் வழியில் நாங்களும் கையால் வகுத்தோம். 63உம் 249உம் முதன்மை எண்களில்லை. முதல் ஆள் 311; மீதி 35. அடுத்தது 1303, பிறகு 1489. அதோடு விடிந்துவிட்டது.