படத்தின் முதுகுப் பக்கம்

கடலுக்காகவே புதுச்சேரியின் பாகூர் கொம்யூனுக்குக் குடி வந்தவன் நான். மணப்பட்டு, நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று போகும் இந்தக் கரையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் நெரிசல் கிடையாது. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல், மணலில் ஃபைபர் படகுகள், காயும் வலைகள். விடிவதற்குள் கரைக்குப் போகும் பழக்கம் முதலில் வந்தது. பின்னாலேயே கேமரா வந்தது. உப்புக்காற்று லென்ஸில் பிசுக்காகப் படியும், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே வந்து கற்றவை.

ஒரு நாள் படகடியில் உட்கார்ந்திருந்த மீனவப் பெரியவரிடம் பழைய படம் ஒன்றைக் காட்டினேன். நான் ரசித்த மேகத்தை அவர் கவனிக்கவே இல்லை. "இது பொங்கலுக்கு முன்னாடி புடிச்சது தம்பி. அதோ அந்த மணல்மேடு அப்புறம் கரைஞ்சி போச்சே" என்றார். படத்தில் அழகைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, அதில் தேதி இருப்பதை அவர்தான் காட்டினார்.

ஆனால் உண்மையான தேடல் தொடங்கியது வில்லியனூரில். வைகாசியில் திருக்காமீசுவரர் கோயில் தேர். ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சு கவர்னர்கள் காலத்திலிருந்து நடக்கும் வழக்கம். தேர் மாடவீதி திரும்பும்போது தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறினேன். கழுத்தில் கேமராவைப் பார்த்த பாட்டி, சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் காட்டி, "இதையும் ஒரு படம் புடிச்சிக் குடுப்பா, சட்டம் அரிச்சிப் போச்சு" என்றார். கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் துணியில் வரைந்த தூணும் மாடிப்படியும். நாற்காலியில் கோட்டு போட்ட மாப்பிள்ளை, பக்கத்தில் நின்றபடி பெண். "கோட்டு ஸ்டுடியோவோடது. மாட்டுவண்டி கட்டிக்கிட்டுப் புதுச்சேரி போயி எடுத்தோம்" என்றார் பாட்டி. கண்ணாடியைக் கழற்றித் திருப்பினேன். அட்டையின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை. பூச்சி அரித்ததுபோக ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம். எடுத்தவர் யார், எந்த வருடம், எதுவும் இல்லை.

இந்தப் பக்கத்து ஜனங்களை முதலில் படம் பிடித்தவர்கள் யார், எதற்காகப் பிடித்தார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து விடவில்லை.

தேடப் போனால், இதையே வேலையாகச் செய்தவர்கள் புதுச்சேரியிலேயே இருந்தார்கள். ஸோயே ஹெட்லி என்ற பிரெஞ்சு மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணை நின்றது. எத்தனையோ ஸ்டுடியோக்கள் மூடும்போது நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பவர்களிடம் எடைக்குப் போட்டுவிட்டன. ஒரு தலைமுறையின் முகங்கள் கிலோக் கணக்கில் போயின. தப்பியவற்றிலும் பெரும்பாலும் என் வில்லியனூர் பாட்டியின் கதைதான்: முகம் உண்டு, பெயர் இல்லை.

இன்னும் பின்னால் போனேன். ஃபோட்டோகிராஃபி உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல், பாரிஸில். தமிழ் மண்ணில் அதன் முதல் பெரிய வேலையாக நான் நினைப்பது, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் 1858-இல் செய்தது. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை எல்லாம் அவர் காகித நெகட்டிவில் பதிவாயின. அவற்றில் என்னை நிறுத்திய படம் கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கியிருக்கிறார். எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எடுத்த படம்! கேமரா தமிழ் மண்ணுக்கு வந்த தொடக்க நாட்களிலேயே கல்வெட்டின் முன்னால் போய் நின்றிருக்கிறது.

புதுச்சேரியில் இப்படிக் கோயில்களைப் படமெடுக்கும் வேலை பெரிதாக நடந்தது 1955-இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியதற்குப் பிறகு. மறு வருடமே அதன் நிறுவனர் ழான் ஃபிலியோசா அங்கே புகைப்படக் காப்பகம் ஒன்றைத் தொடங்கி வைத்தார். கோயில் கோயிலாகப் போய் எடுத்து, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். புதுச்சேரி என்றதும் எல்லோரும் 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் வந்து அரவிந்தரை எடுத்ததைத்தான் சொல்வார்கள். பெரிய கலைஞர்தான். எனக்கு வழி காட்டியது அவரல்ல, ஊர் ஊராகப் போய்ச் சுவர் சுவராக எடுத்தவர்கள்.

அவர்களுக்கு நிகராக நான் மதிக்கும் ஒருவர் எங்கள் கொம்யூன்காரர். பாகூர் குப்புசாமி. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தவர். கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த அந்தத் தொகுப்பின் முதல் பகுதி 2006-இல் வெளிவந்தது. அதைப் படித்த கையோடு பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போனேன். அதற்கு முன் பலமுறை கடந்து போன சுவர்தான். பல்லவன் நிருபதுங்கன் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் 1879-இல் கிடைத்தன; அந்தப் புகழால் பாகூரை எல்லோருக்கும் தெரியும். கோயில் சுவரில் இருப்பதோ வேறு உலகம். சோழர் எழுத்து, நடுவே ராஷ்டிரகூடக் கன்னரதேவன் காலத்து எழுத்து.

கல்வெட்டை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் வெறும் கல்தான் விழும். வெயில் சுவரை உரசியபடி பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கோட்டின் பள்ளத்திலும் மெல்லிய நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். வடசுவர் மார்கழியில் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். சூரியன் வடக்கே சாயும் பங்குனி முதல் ஆவணி வரைதான் காலை வெயில் அதைத் தொடும். அந்தச் சமயத்தில் ட்ரைபாட் போட்டு, ஐஎஸ்ஓவைக் குறைத்து, f/8-இல் வைத்துக் காத்திருந்தால், வெயில் ஒரு சாணளவு நகர்வதற்குள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கம் கல்லிலிருந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். கேமரா வாங்கிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய சந்தோஷம் அது.

கோயிலிலிருந்து ஏரிக்கரை, ஏரிக்கரையிலிருந்து பங்காரு வாய்க்கால் என்று படம் எடுக்கும் வட்டம் விரிந்தது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் அந்த வாய்க்கால்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தருவது. கடலுக்காக வந்தவனை இப்படி உள்நாட்டு வாய்க்கால் இழுத்துக்கொண்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வீட்டுச் சுவர்களில் பழுப்பாக ஒரு கோடு நின்றது. சில வீடுகளில் ஜன்னல் விளிம்பு வரை. பொங்கலுக்கு வெள்ளை அடித்தால் அது போய்விடும். அதனால் மார்கழி முழுவதும் தெருத் தெருவாகப் போனேன். தரையிலிருந்து கோடு வரை அளவு டேப்பை நிறுத்தி, வீட்டுக்காரர்களிடம் கேட்டு எடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் அச்சிட்டு, பின்னால் ஊர், தெரு, தேதி, உயரம் எல்லாம் பென்சிலால் எழுதினேன். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மை ஊறவும் செய்யும். பார்க்க ஒன்றும் இல்லாத படங்கள்தான். என்னிடம் இருப்பவற்றில் பத்திரமாக வைத்திருப்பது இவற்றைத்தான்.

வில்லியனூர் முத்திரைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதே முத்திரை முழுதாக உள்ள வேறொரு அட்டை இந்தக் கொம்யூன்களில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் இருக்கலாம். உங்கள் வீட்டில் பழைய படம் இருந்து சட்டம் மாற்றக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடையில் பழைய அட்டையைத் தூக்கிப் போட விடாதீர்கள். கேட்டு வாங்கி வாருங்கள். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் பெயர்களைக் கேட்டு இன்றைக்கே பென்சிலால் எழுதி வையுங்கள்.