ஆச்சி கை வைத்த இடம்

எழுத்தறியாதார்க்கு எழுதிக் கொடுத்தல் அறம் என்பர். அவர்கள் தாமே ஆளத்தக்க ஒன்றை ஆக்கித் தருதல் அதனினும் பெரிது என்பதை நமக்கு உணர்த்தியவர்கள் சிறுவர்களே.

திரைப்படக் கலைஞர் நவ்நீத் ரஞ்சன், தாராவி நயா நகரில் 2014-ஆம் ஆண்டு 'தாராவி டைரி' என்னும் கல்விப் பணியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற சிறுமியர், 'ஆப் இன்வென்டர்' என்னும் மென்பொருளைக் கொண்டு கைப்பேசிச் செயலிகளைப் படைத்தனர். கட்டளைகளை எழுதாமல், திரையில் வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திச் செயலி ஆக்கும் முறை அது. இடருற்ற பெண் தன் இருப்பிடத்தை உற்றார்க்கு அறிவிக்க ஒரு செயலி. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தன் முறை வந்ததை அறிய 'பானி' என மற்றொன்று. விடியலில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த குடும்பங்கட்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இச்செய்தியைப் படித்த நாம், செம்பூரில் ஞாயிறுதோறும் நடத்தும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளிடம், "உங்கள் வீட்டு முதியோர்க்கு மருந்து வேளையை நினைவூட்டும் செயலிக்கு அட்டையில் மாதிரி வரையுங்கள்" என்றோம். அழகாகவே வரைந்தனர். மாணவன் ஒருவனின் ஆச்சியை அழைத்து அவர் முன் அட்டையை வைத்தோம். முதல் திரையிலேயே ஆங்கிலத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டிருந்தது.

"இதுல நான் எங்கய்யா கை வைக்கணும்?" என்றார் ஆச்சி.

"ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது, சார்" என்று பேரன் தலைகுனிந்தான்.

"ஏன் தெரியாது? பஸ் முகப்புல இருக்க மராத்தி நம்பரப் பாத்துத்தான நாப்பது வருசமா தாராவியில பஸ் ஏறி இறங்குனேன்!"

வகுப்பு அமைதியாயிற்று. ஆச்சிக்கு என்ன தெரியாது என்றே எண்ணியிருந்தோம். என்ன தெரியும் என்று எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

பிள்ளைகள் மீண்டும் அமர்ந்தனர். காலைக்கு உதயசூரியன், பகலுக்கு உச்சிச்சூரியன், இரவுக்கு நிலா. மாத்திரைகளை நிறத்தால் காட்டினர். "எல்லாம் வெள்ளைதானே" என்றார் ஆச்சி. உருண்டை, நீளம், பாதி என வடிவத்தால் வரைந்தனர். நடுங்கும் விரலுக்கு ஏற்பப் பொத்தான்கள் உள்ளங்கை அளவாயின. இறுதியில் ஆச்சி நிலாவைத் தொட்டார். அட்டைக்குப் பின் ஒளிந்திருந்த பேரன், "ஆச்சி, ராத்திரி மாத்திரை போடுங்க" என்றான். ஆச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் இருபதாண்டுகளாக எழுத்தராயிருக்கும் நாம், படிவத்தை நிரப்பத் தெரியாது நின்ற முதியவர்களிடம், "படித்தவர் எவரையேனும் அழைத்து வாருங்கள்" என்று எத்தனை முறை கூறியிருப்போம்! படிவத்தில் குறை இருக்கக்கூடும் என ஒருநாளும் கருதினோமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தபோது அதன் சுற்றறிக்கையைக் கோப்பில் சேர்த்த கையும் நம் கைதான். மறுநாள் முதல், கேட்டு எழுதுகிறோம். எழுதியதைப் படித்துக் காட்டுகிறோம்.

அட்டை மாதிரி இன்னும் செயலியாகவில்லை. பிள்ளைகள் கட்டைகளைப் பொருத்திக் கொண்டிருக்கின்றனர். சங்கத்துக் குடும்பங்கள் தத்தம் பிள்ளைகளை இம்முயற்சிக்கு அனுப்புவராக. கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அனுப்புவராக. பாடம் நடத்த அவர்கள் வேண்டும்.