ஆறே முக்கால் இலட்சம் கோடி

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கணித மேதை இராமானுஜன் பெயரை அறியாத குழந்தை இராது. கேட்டவுடன் 1729 என்னும். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்ன கதையையும் சொல்லும். அதற்குமேல் நாம் கற்பிப்பதில்லை. ஆகவே, அவர் உழைப்பின் சுவடு படிந்த வேறோர் எண்ணை இம்மலரில் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

அவ்வெண் 67,46,32,83,88,800. அதாவது, ஆறே முக்கால் இலட்சம் கோடிக்குச் சற்றே குறைவு.

12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழுள்ள எவ்வெண்ணுக்கும் நான்குக்கு மேல் வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னினும் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையில் விஞ்சி நிற்பவற்றை மிகுபகு எண்கள் எனலாம். டஜன் கணக்கில் விற்கும் வணிகர் இதன் பயனை நன்கறிவர். கேம்பிரிட்ஜில் இருந்தபோது இராமானுஜன் இவற்றை ஆராய்ந்து எழுதிய நெடுங்கட்டுரை, இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் 1915-இல் வெளிவந்தது. அதிலுள்ள பட்டியலின் கடைசி எண்ணே நாம் மேலே குறித்தது.

அதனைப் பிரித்துப் பார்த்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். பகா எண் வளர வளர அது வரும் முறைகள் கூடுவதே இல்லை. பெரிய பகா எண் மிகுதியாகவும் சிறியது குறைவாகவும் வந்தால், அவற்றை இடம் மாற்றி, அதே தொகை வகுத்திகளுடன் இன்னும் சிறிய எண்ணை ஆக்கிவிடலாம் அன்றோ? கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 இரண்டே விலக்கு. 1 முதல் 28 வரை எல்லா எண்களும் இதனை வகுக்கும், 29 வகுக்காது. வகுத்திகளை எண்ண, ஒவ்வொரு முறையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. ஒரு வாரத்தின் நிமிடங்களும் அத்தனையே!

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது: 2,93,31,86,25,600. நமது எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதுவே, வகுத்திகள் 5,040. இதனை வெளியே சொல்ல நம்மவர் சிலர் கூசக்கூடும். நாம் கூசவில்லை. இராமானுஜனின் பக்தியைக் குறைத்துரைப்பதும் நம் நோக்கமன்று. ஆயினும், கனவில் ஒப்புவிக்கப்பட்ட பட்டியலில் ஓர் எண் விடுபடுமா? கணிப்பொறி இல்லாத காலத்தில், தாளும் எழுதுகோலும் கொண்டு கோடிகளைப் பெருக்கிச் சரிபார்த்த ஒரு மனிதரை அவ்விடுபாட்டில்தான் நாம் நேரில் காண்கிறோம். நம் பிள்ளைகள் அவரையும் அறிய வேண்டும்; அவர் செய்த பெருக்கலை அவர்களும் செய்துபார்க்க இயலும்.

1915-இல் அச்சேறியதும் முழுக் கட்டுரை அன்று. அச்சங்கம் பணமுடையில் இருந்தமையால் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. (மலர் வெளியிடும் சங்கத்தார் யாவரும் அறிந்த இடர்தான்!) எஞ்சிய பகுதி 1997-இல்தான் அச்சு கண்டது.