தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல்

முன்னெல்லாம் களத்துமேட்டில் சாக்கை விரித்துப் படுத்தாலே விடியும்வரை தூங்குவேன். 50 வயசைத் தாண்டின பிறகு அப்படி இல்லை. படுத்தால் நெஞ்செரிச்சல், புரண்டால் முழங்கால் வலி. ராத்திரி தூங்கலைன்னா மறுநாள் மண்வெட்டி பிடிக்கக் கையில் தெம்பு இருக்காது.

டாக்டர் சொன்னபடி கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ரெண்டு செங்கல் வைத்தேன். கிட்டத்தட்ட 6 அங்குலம் உயர்ந்தது. தலையணையை அடுக்கினால் கழுத்து வளையும், வயிறு மடங்கும். கட்டிலே சரிவாக இருக்கணும். வாய்க்கால் தண்ணி மேடேறாது இல்லையா, அதே கணக்குதான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை தாழ்ந்து இருக்கும், புளிப்பு சுலபமா மேலே வராது. முழங்கால் ரெண்டுக்கும் நடுவே பழைய இலவம்பஞ்சுத் தலையணை. ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு, படுக்கை 10 மணிக்கு. இப்போ பெரும்பாலும் நல்லாத் தூங்குறேன்.

பாயை விட்டதுதான் கஷ்டம். தரையிலிருந்து எழ முழங்கால் விடலை. 30 வருஷம் பக்கத்துப் பாயில் படுத்த வீட்டுக்காரம்மா இப்போ கீழே, நான் மேலே. நடுராத்திரி நான் இருமினா, "தண்ணி வேணுமா?"ன்னு இருட்டுக்குள்ளேருந்து கேக்கும். அந்தக் குரல் கேட்டாத்தான் எனக்கு மறுபடி கண்ணு சொக்கும்.