அரை மணிக்கு ஒருமுறை வந்த பாட்டு

மாஸ்கோவில் நாங்கள் படித்த காலத்து விடுதிச் சமையலறைச் சுவரில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. கம்பி வழியாக வருகிற மூன்றே நிலையங்கள். அதில் 'மாயாக்' நிலையம் அரை மணிக்கு ஒருமுறை 'மாஸ்கோ புறநகர் மாலைகள்' மெட்டின் தொடக்கத்தை இசைக்கும். 1964 முதல் அப்படித்தான். உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டே, தலை நிமிராமல் மணி தெரிந்துகொள்வோம்.

பாட்டை எழுதியவர் மிகயீல் மத்துசோவ்ஸ்கி. 1915இல் லுகான்ஸ்கில் பிறந்தவர், போர்முனை நிருபராகப் போய்க் காயம்பட்டவர். சலவியோவ்-செதோய் இசையில் 1956இல் ஒரு விளையாட்டு விழா ஆவணப்படத்துக்காக வந்த பாட்டு அது. படத்தை மறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்குப் பிறகு பாட்டு எல்லை தாண்டியது. இத்தனைக்கும் அதில் எதுவுமே நடக்காது. ஓர் ஆறு, ஓர் இரவு, மனசில் இருப்பதைச் சொல்ல வாய் வராத இருவர். முழக்கம் கேட்ட காலத்தில் அவர் முணுமுணுப்பை எழுதினார். (முழக்கமும் எழுதினார், அதை விடுங்கள்.)

விடுதி வாசலில் காவலிருந்த பாட்டியின் குரல்தான் இன்னும் வலிக்கிறது. "தொப்பி எங்கே மகனே?" என்று தினமும் ஓர் அதட்டல். மே 9, வெற்றி நாளன்று மட்டும் மத்துசோவ்ஸ்கியின் 'பெயரற்ற மேட்டில்' பாடுவார். 1943 செப்டம்பரில் கலூகா பக்கம் ஒரு மேட்டைப் பிடிக்கப் போன பதினெட்டுப் பேரின் கதை. பாட்டில் மூவர் மிஞ்சுகிறார்கள், நிஜத்தில் இருவர். அந்த எண்ணிக்கை வரும் இடத்தில் பாட்டி நிறுத்திவிடுவார். சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

இப்போது கைபேசியைத் தட்டினால் 'மாஸ்கோ புறநகர் மாலைகள்' பாட்டைப் பாடகர் துரோஷின் பாடுகிறார், வான் கிளைபர்ன் பியானோவில் வாசிக்கிறார். துல்லியமாகத்தான் கேட்கிறது. ஆனால் நாம் கேட்காமலேயே வந்து நிற்காது. சட்டி கருகும் வாசனை இல்லை. கூடவே பாட, அடுத்த அறைக் கீவ்காரனும் எதிர் அறை மாஸ்கோக்காரனும் இல்லை. அவர்கள் இருவரும் இன்று ஒரே மேசையில் உட்கார்வார்களோ என்னவோ... தாயகம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டு 1968இல் ஒரு படத்துக்குப் பாட்டு எழுதினார் மத்துசோவ்ஸ்கி. அவர் பிறந்த லுகான்ஸ்க் இன்று போர்ச் செய்தியில்தான் காதில் விழுகிறது.

மத்துசோவ்ஸ்கி 1990இல் இறந்தார். மறு ஆண்டு சோவியத் நாடே போய்விட்டது.

அந்தக் காலத்தில் அங்கே படித்தவர் யாராவது உங்கள் தெருவில் இருப்பார். பாடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் அடி மறந்திருப்பார், பரவாயில்லை, பாடட்டும்.